கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எப்போது செல்லாது?

விதைப்புக் காலம் நெருங்கும்போது கிராமங்களுக்கு விதையும் உரமும் வருவதுபோல ஒப்பந்தத் தாள்களும் வருகின்றன. விளையப்போகும் மஞ்சளை முன்விலை பேசி வாங்கிக்கொள்ள ஒருவர் வருகிறார். கொட்டகை போட்டுக் கொடுத்தால் குஞ்சும் தீவனமும் தருவதாக ஒரு கோழி நிறுவனம் சொல்கிறது. தென்னந்தோப்பை மூன்றாண்டுக்குக் குத்தகை கேட்கிறார் வெளியூர் வியாபாரி. அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரோ வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

இத்தகைய தாள்கள் பற்றி விவசாயிகளிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உள்ளன. "கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பது ஒன்று. "நட்டம் வந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்" என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தால், சட்டப்படி கொடுக்க வேண்டாததைக் கொடுத்து நிலத்தை இழப்பவர்கள் உண்டு. இரண்டாவது எண்ணத்தால், சட்டப்படி நிறைவேற்ற வேண்டியதை மீறி நட்டஈடு கட்டுபவர்களும் உண்டு. எந்தத் தாள் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்று தெரிந்துகொள்வது, விதையில் நல்லது கெட்டது பார்ப்பதைப் போலவே தேவையான அறிவாகும்.

ஒப்பந்தம் என்பது எது?

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 10-வது பிரிவின்படி ஓர் ஏற்பாடு ஒப்பந்தமாக வேண்டுமானால் நான்கு அம்சங்கள் தேவை. செய்துகொள்பவர்களுக்குத் தகுதி இருக்க வேண்டும். அவர்கள் மனமார, சுதந்திரமாகச் சம்மதித்திருக்க வேண்டும். ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவரும் ஏதேனும் தர வேண்டும். நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும் என்று பொது விதி கிடையாது. களத்துமேட்டில் வாய்மொழியாகப் பேசி முடித்த நெல் விற்பனையும் ஒப்பந்தமே. நிரூபிப்பதுதான் கடினம்.

மூன்று வகைக் குறைகள்

குறையுள்ள ஒப்பந்தங்களை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதல் வகை, பிறக்கும்போதே செல்லாதது. இது பதர் நெல் போன்றது. எத்தனை தண்ணீர் விட்டாலும் முளைக்காது. எத்தனை சாட்சிகள் கையெழுத்திட்டாலும் அதற்கு உயிர் வராது.

இரண்டாவது வகை, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யக்கூடியது. இது வயலில் முளைத்த களை போன்றது. உரிய காலத்தில் பிடுங்காவிட்டால் அது நிலைத்துவிடும். ஏமாற்றப்பட்டவர் பேசாமல் இருந்து, அதனால் வரும் பலனையும் பெற்றுக்கொண்டிருந்தால், பின்னர் ரத்து கேட்க முடியாமல் போகலாம்.

மூன்றாவது வகையில் உறுதிமொழியில் குறை இல்லை. ஆனால் பதிவு, முத்திரை, காலக்கெடு போன்றவற்றில் தவறியதால் நீதிமன்றத்தில் நிறைவேற்றிக்கொள்ள முடியாது. இது நல்ல விதையை அதிக நாள் இருப்பு வைத்து முளைப்புத் திறனை இழப்பது போன்றது.

ஒரு தாள் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிவதே முதல் வேலை. முதல் வகையாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது வகையாக இருந்தால் தாமதிக்கக் கூடாது.

தகுதி இல்லாதவர் செய்த ஒப்பந்தம்

18 வயது நிரம்பாதவர் மைனர். அவர் போட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. 1903-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த மோகரி பீபி வழக்கில் இது நிலைநாட்டப்பட்டது. கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு மைனர் தன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். அவர் மைனர் என்ற தகவல் கடன் கொடுத்தவரின் வக்கீலுக்கு முன்பே எட்டியிருந்தது. அடமானம் அறவே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படியும் உத்தரவு கிடைக்கவில்லை.

ஆகவே, தகப்பனார் ஊரில் இல்லாத நாளில் 17 வயது மகனிடம் தோப்புக் குத்தகைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன வியாபாரி அதைக் காட்டி மிரட்ட முடியாது. அதேபோல், மைனரிடமிருந்து நிலத்தையோ மாட்டையோ வாங்கும் விவசாயியும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பொய் வயது சொல்லிப் பணமோ பொருளோ பெற்ற மைனர், அதனால் அடைந்த பலனைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் சொல்லலாம். ஆனால் அதை நம்பிப் பணம் கொடுப்பது விவேகம் அன்று.

மைனரின் நிலத்தைப் பெற்றோர் விற்பது பற்றியும் அறிய வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனரின் பெயரில் உள்ள நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தந்தையோ தாயோ விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் கூடாது. மீறி விற்றால், அந்தப் பிள்ளை 18 வயது நிரம்பிய பின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர்ந்து விற்பனையை ரத்து செய்யலாம். வாங்குபவர் பத்திரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மூலப் பத்திரத்தில் மைனர் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மனநிலை சரியில்லாதவர் செய்ததும் செல்லாது. கடுமையான காய்ச்சலில் பிதற்றும் நிலையிலோ, ஷரத்துகளைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்குக் குடிபோதையிலோ இருப்பவர், அந்த நிலை நீடிக்கும் வரை ஒப்பந்தம் செய்ய முடியாது என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டமே உதாரணம் தருகிறது. ஆனால் "சிறிது குடித்திருந்தேன்" என்று சொன்னால் மட்டும் தப்பிவிட முடியாது. புரிந்துகொள்ளும் சக்தியே இல்லாமல் இருந்ததை நிரூபிக்க வேண்டும்.

சட்டத்துக்குப் புறம்பான ஒப்பந்தம்

நோக்கமே சட்ட விரோதமாக இருந்தால் ஒப்பந்தம் செல்லாது. கிராமங்களில் காணப்படும் சில உதாரணங்கள் வருமாறு.

செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் வேலை ஆகியவற்றில் முன்பணம் கொடுத்து, "கடன் தீரும் வரை வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது" என்று எழுதி வாங்குவது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த ஒப்பந்தம் செல்லாது. அந்தக் கடனும் ஒழிந்துபோகும்.

கோயில் நிலத்தை விற்பது, அடமானம் வைப்பது, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவது ஆகியவற்றுக்கு இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி அனுமதி இல்லாத ஏற்பாடு செல்லாது. நிபந்தனையுடன் அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலத்தை அந்த நிபந்தனைக்கு மாறாக வாங்கினால், முழு விலை கொடுத்திருந்தாலும் நிலம் கையை விட்டுப் போகலாம்.

பட்டா நிலத்தில் இருந்தாலும் மணலை உரிய அனுமதி இல்லாமல் அள்ளி விற்கப் போடும் ஒப்பந்தமும் இந்த வகையே.

சட்ட விரோதம் என்று தெரிந்தே இருவரும் ஒப்பந்தம் செய்திருந்தால், பொதுவாக நீதிமன்றம் எவருக்கும் உதவாது. கொடுத்த பணம் கொடுத்ததுதான். ஆகவே "பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சமாதானத்தை நம்பி இத்தகைய ஏற்பாட்டில் இறங்கக் கூடாது.

கந்து வட்டி பற்றியும் ஒரு விளக்கம் தேவை. மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டி வசூல் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆயினும் வட்டி அநியாயமானது என்பதால் வாங்கிய அசலே இல்லாமல் போய்விடும் என்று எண்ணக் கூடாது.

பொய் சொல்லி வாங்கிய சம்மதம்

விவசாயிகளுக்கு அதிகம் பயன்படும் பகுதி இதுதான். பொய் என்று தெரிந்தே சொல்லி ஏமாற்றுவது மோசடி. உண்மை என்று நம்பித் தவறான தகவலைத் தருவது தவறான கூற்று. இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இவை இரண்டாவது வகை, அதாவது களை.

புகழ்ச்சி வேறு, உண்மை பற்றிய கூற்று வேறு. "இந்த விதை போட்டால் களஞ்சியம் நிரம்பும்" என்பது வியாபாரப் பேச்சு. அதற்காக வழக்காட முடியாது. "இந்த நெல் விதையின் முளைப்புத் திறன் 80 சதவிகிதம்" என்பது உண்மை பற்றிய கூற்று. சான்று விதைக்கு முளைப்புத் திறன் நெல்லில் குறைந்தது 80, நிலக்கடலையில் 70 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது விதைச் சான்றளிப்புத் தரம். அட்டையில் அச்சிட்டதற்கு மாறாக விதை இருந்தால் விற்றவர் பொறுப்பாளி.

"விதை முழுவதையும் விதைத்துவிட்டேனே, பரிசோதனைக்கு எதை அனுப்புவது?" என்று பலர் புகார் செய்யாமலே இருந்துவிடுகிறார்கள். 2012-ல் தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், ஆந்திர விவசாயிகளுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. வாங்கிய விதையில் ஒரு பகுதியைப் பரிசோதனைக்கென எடுத்து வைக்குமாறு விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது. விதை வாங்கிய விவசாயி நுகர்வோரே. நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்பது தீர்ப்பு. பில், பை, அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது இதனால் முக்கியம்.

பேசாமல் இருப்பது பொய்யாகுமா? சாதாரணமாக ஆகாது. குறையுள்ள குதிரையை ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்றால் மோசடி அல்ல என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆனால் அடுத்த உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். மாட்டுச் சந்தையில் இதைப் பயன்படுத்தலாம். எத்தனை ஈற்று, எத்தனை லிட்டர் பால், மடிநோய் வந்தது உண்டா என்று இரண்டு பேர் கேட்கும்படி வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் துண்டைப் போட்டுக் கைவிலை பேசிவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை. சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு, விற்பவரின் மௌனத்தையோ அறியாமல் சொன்ன தவறையோ காட்டி ரத்து கேட்க முடியாது.

தாளைத் தவறாகப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவதும் உண்டு. கடன் தாள் என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினால், அதாவது தாளின் தன்மையையே மாற்றிச் சொன்னால், அது அடியோடு செல்லாது. தாளின் தன்மை தெரிந்து, உள்ளடக்கத்தில் மட்டும் ஏமாற்றப்பட்டிருந்தால் அது ரத்து செய்யக்கூடியது. 1968-ல் நிங்கவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. முதலாவதாக இருந்தாலும் இரண்டாவதாக இருந்தாலும், விஷயம் தெரிந்தவுடனே நடவடிக்கை எடுப்பதே பாதுகாப்பு.

நெருக்கடியைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதம்

அடித்தோ, மிரட்டியோ, சொத்தைச் சட்ட விரோதமாகப் பிடித்து வைத்துக்கொண்டோ வாங்கிய கையெழுத்தையும் ரத்து செய்யலாம். ஒருவர் மற்றவரைத் தன் பிடியில் வைத்திருந்து அநியாய ஷரத்துகளுக்கு இணங்க வைத்தாலும் அப்படியே. கிராமத்து லேவாதேவிக்காரரிடம் ஏற்கெனவே கடன்பட்டவர், மேலும் மனசாட்சிக்கு ஒவ்வாத ஷரத்தில் புதுக் கடன் வாங்கினால், தாம் நெருக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு லேவாதேவிக்காரருக்கே உண்டு. இது 16-வது பிரிவில் உள்ள உதாரணம். ஆனால் பணத்தட்டுப்பாடு நிலவும்போது வங்கி வழக்கத்தைவிட அதிக வட்டி கேட்டு, கடன் வாங்குபவர் அதை ஏற்றால் அது நெருக்குதல் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

தெளிவில்லாத தாள், பதிவில்லாத தாள்

என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை என்று நிச்சயிக்க முடியாத ஒப்பந்தம் செல்லாது. "என் வெள்ளைக் குதிரையை ஐந்நூறு அல்லது ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறேன்" என்பது சட்டம் காட்டும் உதாரணம். "நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொள்வோம்" என்று மட்டும் எழுதிய கொள்முதல் தாள் விவசாயிக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. எந்தச் சந்தையின், எந்த நாளின், எந்தத் தரத்துக்கான விலை என்று எழுத வேண்டும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட நிலக் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். புரோநோட்டில் உரிய ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லாவிட்டால் பின்னர் அபராதம் கட்டியும் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது. புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளே கெடு. இங்கே ஒரு கண்ணி உண்டு. கெடு கடந்த கடனுக்கு "சும்மா ஒரு கையெழுத்து" என்று புதிய தாளில் வாங்கிவிட்டால், 25-வது பிரிவுப்படி அந்தக் கடனுக்கு மீண்டும் உயிர் வந்துவிடும். பழைய கடன் கெடு கடந்துவிட்டது எனக்குத் தெரியாது என்ற வாதம் உதவாது. நாட்டின் சட்டத்தை அறியாததை ஒரு காரணமாகச் சட்டம் ஏற்பதில்லை.

"எந்தத் தகராறுக்கும் விவசாயி நீதிமன்றம் போகக் கூடாது" என்ற ஷரத்து செல்லாது. ஆனால் மத்தியஸ்தருக்கு விடவேண்டும் என்ற ஷரத்து செல்லும். சட்டப்படி விசாரிக்க அதிகாரமுள்ள இரண்டு ஊர் நீதிமன்றங்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுவதும் செல்லும். அப்படியானால் நாமக்கல்லில் கோழி வளர்ப்பவர் சென்னைக்கு அலைய நேரிடலாம்.

இவை காரணம் ஆகா

விலை குறைவு என்பது மட்டும் ஒப்பந்தத்தை முறிக்காது. ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்கச் சுதந்திரமாகச் சம்மதித்தால் அது ஒப்பந்தமே என்று சட்டம் சொல்கிறது. விலை மிகக் குறைவாக இருப்பது, சம்மதம் சுதந்திரமானதா என்று சந்தேகிக்க ஒரு தடயமாக மட்டும் அமையும். குவிண்டாலுக்குப் பேசிய விலையைவிடச் சந்தையில் விலை ஏறிவிட்டது என்று வேறொருவருக்கு விற்றால் அது ஒப்பந்த மீறல். எழுதப் படிக்கத் தெரிந்தவர் "படிக்காமல் போட்டேன்" என்பதும் பொதுவாக எடுபடாது.

குறை தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை

1. அந்த ஒப்பந்தத்தின் கீழ் மேற்கொண்டு பலன் பெறுவதை நிறுத்த வேண்டும். தெரிந்த பின்பும் அடுத்த தவணையை வாங்கினால் ஒப்பந்தத்தை ஏற்றதாக ஆகிவிடலாம்.

2. ரத்து செய்வதாகக் காரணத்துடன் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தரத் தயாராக இருக்க வேண்டும். ரத்து செய்பவர் பெற்ற பலனைத் திருப்ப வேண்டும் என்பது 64-வது பிரிவு.

4. விதைக் குறையானால் பயிர் நிற்கும்போதே வேளாண் உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுதி, வயலைப் பார்வையிடச் செய்ய வேண்டும். அதற்கு முன் பயிரை உழுது அழித்துவிடக் கூடாது.

5. பத்திரத்தை ரத்து செய்யும் வழக்குக்கு, உண்மை தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டும், நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டும் கெடு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான நுகர்வோர் புகாருக்குக் கட்டணம் இல்லை.

6. வசதி குறைந்தவர்களும், பெண்களும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் உதவி பெறலாம். தாலுகா அளவிலும் குழுக்கள் உள்ளன.

வருமுன் காப்பதே மேல்

ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்புப் பெறுவது வேறு, போன பணம் கைக்கு வருவது வேறு. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்பை நம்பிப் பணம் கட்டியவர்களின் அனுபவம் இதற்குச் சாட்சி. மாதந்தோறும் தொகை, கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உறுதி எல்லாம் தாளில் இருந்தன. 2012-ல் அந்தத் திட்டங்கள் சரிந்தபோது, கையில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது தீவனம் கேட்டு நின்ற கோழிகளே. வழக்கும் கைதும் பின்னர் வந்தன. பணம் அவ்வளவு விரைவில் வரவில்லை.

எனவே எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன், அதை ஒரு நாளாவது வீட்டுக்குக் கொண்டுவந்து, படிக்கத் தெரிந்த நம்பிக்கையானவரைக் கொண்டு முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வாயால் சொன்ன வாக்குறுதிகள் தாளில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். காலியான இடங்களைக் கோடிட்டு அடைக்க வேண்டும். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்து இடவே கூடாது. ஒரு நகலைக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தப் பண்ணையமானால், தமிழ்நாடு 2019-ல் இயற்றிய ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி பதிவு செய்ய நிறுவனம் சம்மதிக்கிறதா என்று கேட்க வேண்டும். மத்திய அரசு 2020-ல் இயற்றி 2021-ல் திரும்பப் பெற்ற சட்டம் வேறு. மாநிலச் சட்டம் வேறு.

"இன்றே போட்டால்தான் உண்டு, நாளைக்கு இல்லை" என்று அவசரப்படுத்துபவரின் தாளை ஒதுக்கிவிடுவதே நல்லது. மண் பரிசோதனை செய்யாமல் உரமிடாத விவசாயி, படித்துப் பார்க்காத தாளில் பெயரை எழுதலாகாது.